சிறு பங்கும் பெரும் பொறுப்பும்

ஒரு பொருளை உடையவன் அப்பொருளால் விளையும் நன்மை தீமைகளுக்கும் உரியவனாவான் என்பது பழைய அறக்கொள்கை. மாடு அயலான் வயலில் மேய்ந்தால் மாட்டைக் கேட்பாரில்லை, மாட்டுக்காரனையே கேட்பர். கிணற்றுக்குக் கட்டு இல்லாமையால் ஒரு பிள்ளை விழுந்தால் கிணறுடையவனே தலைகுனிவான். உடைமையும் பொறுப்பும் ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு எருதுகள் போல ஒன்றையொன்று விட்டுப் பிரியாதன என்றே நம் கிராமங்கள் நெடுங்காலம் நம்பிவந்தன.

கூட்டுப் பங்குக் கம்பனி என்னும் அமைப்புத் தோன்றியதும் இந்நுகம் முறிந்தது. பங்குதாரன் கம்பனியின் உடைமையாளருள் ஒருவன். ஆயினும் கம்பனி பட்ட கடனுக்கு அவன் தான் இட்ட முதலுக்கு மேல் ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. கம்பனி எதனைச் செய்யவேண்டும் என்று தீர்மானிப்போர் பணிப்பாளர் சபையினர். அவன் ஆண்டுக்கொருமுறை அறிக்கையும் இலாபப்பங்கும் பெறுபவன் மாத்திரமே. சட்டம் அவனது பொறுப்புக்கு எல்லை வகுத்துவிட்டது. சட்டம் வகுத்த அவ்வெல்லையே அறத்தின் எல்லையுமாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இவ்வினா கொழும்பு வர்த்தகருக்கு மாத்திரம் உரியதன்று. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ-9 வீதியில், மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் நிழல் செய்யும் நாலந்தாவில் வாழும் ஓர் ஆசிரியரையோ எழுதுவினைஞரையோ எண்ணிப் பார்க்கலாம். சேமித்த சிறு தொகையில் அவர் ஒரு மருந்தாராய்ச்சிக் கம்பனியின் நூறு பங்குகளை வாங்கியிருக்கிறார் எனக் கொள்வோம். அக்கம்பனிக்கு ஆலையுமில்லை, விற்பனை நிலையமுமில்லை. அதன் செல்வமெல்லாம் ஒரு மருந்தின் ஆக்கவுரிமையே. ஒருநாள் அவ்வாக்கவுரிமையைப் பெரிய கம்பனியொன்று வாங்கவிருப்பதாகச் செய்தி வருகின்றது. பங்கின் விலை இருமடங்காகின்றது. அவர் மகிழ வேண்டும். ஆயினும் மகிழ்ச்சியோடு ஓர் ஐயமும் கூடவே எழுகின்றது. அவ்வையத்தின் தன்மை யாது?

முதலில் எழுவது விலை பற்றிய ஐயம். விற்றது குறைந்த விலைக்கோ? இன்னும் சில ஆண்டு பொறுத்திருந்தால் பன்மடங்கு கிடைத்திருக்குமோ? இவ்வையம் இயல்பானது, ஆயினும் அதற்கு விடையுண்டு. மனிதரில் பரிசோதிக்கத் தொடங்கப்படும் மருந்துகள் பத்தில் ஏறத்தாழ ஒன்றே இறுதியில் அங்கீகாரம் பெறுகின்றது. கடைசிக் கட்டப் பரிசோதனைகளுக்கு வேண்டிய பெருந்தொகை சிறு கம்பனிகளிடம் இருப்பதில்லை. எனவே உறுதியற்ற நாளைய பெருஞ்செல்வத்தினும் உறுதியான இன்றைய செல்வத்தைக் கொள்வது மூடத்தனமன்று. மிளகு காய்க்குமுன்பே கொடியோடு குத்தகைக்குக் கொடுக்கும் தோட்டக்காரருக்கு இக்கணக்கு நன்கு விளங்கும்.

இரண்டாவது ஐயம் இதனினும் ஆழமானது. விற்றது எதனை? பேற்றன்ற் எனப்படும் ஆக்கவுரிமை மருந்தன்று. மருந்தைப் பிறர் ஆக்காமல் தடுக்கும் உரிமையே அது. உலக வர்த்தக நிறுவனத்தின் உடன்படிக்கை 1995இல் நடைமுறைக்கு வந்தபின், அதன் உறுப்பு நாடுகளில் இவ்வுரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது இருபது ஆண்டுகள் நிலைக்கின்றது. காணியை விற்பவன் மண்ணை விற்கிறான். ஆக்கவுரிமையை விற்பவனோ ஒரு வேலியை விற்கிறான். வேலிக்கு உள்ளே இருப்பது அறிவு. அறிவோ பிறர்க்குக் கொடுப்பதால் குறைவதன்று. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி எத்துணை பேர்க்கு இட்டாலும் வற்றாதது போன்று, ஒரு மூலக்கூற்றின் அமைப்பை எத்துணை பேர் அறிந்தாலும் அவ்வறிவு குன்றுவதில்லை. குன்றாத ஒன்றைச் சட்டத்தினால் குறைவுடையதாக்கி, அக்குறைவிலிருந்து விலையை உண்டாக்குவதே ஆக்கவுரிமையின் இயல்பு.

இதனால் ஆக்கவுரிமை தீயது என்று முடிவுகட்டல் தவறாகும். அமுதசுரபி தெய்வம் தந்தது. மருந்தோ மனிதர் பல்லாண்டு உழைத்துக் கண்டது. அவ்வுழைப்புக்கும் தோல்வியுற்ற ஒன்பது முயற்சிகளுக்கும் செலவிட்டோர் ஏதேனும் ஒருவகையில் அதனை மீளப் பெறவேண்டும். பெறாவிடின் பத்தாவது முயற்சிக்கு முதலிடுவார் எவருமிலர். ஆகவே வேலி இருக்கலாமா என்பதன்று வினா. வேலியை யாரிடம், எவ்வித நிபந்தனையோடு கையளிப்பது என்பதே வினா.

இதனை உண்மையான நிகழ்ச்சியொன்றால் விளக்கலாம். ஐக்கிய அமெரிக்காவில் பார்மசெற் என்றொரு சிறு கம்பனி இருந்தது. மருந்து, சொத்து ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை இணைத்தாற்போன்ற அப்பெயரே அதன் இயல்பைக் காட்டும். சீ வகை ஈரலழற்சியைக் குணப்படுத்தவல்ல ஒரு சேர்மம் அதன் கையிலிருந்தது. 2011 நவம்பரில் கிலியட் என்னும் பெருங்கம்பனி அதனை ஏறத்தாழ 1,100 கோடி டொலருக்கு வாங்க முன்வந்தது. பங்கொன்றுக்குத் தரப்பட்ட விலை 137 டொலர். அது முந்திய சந்தை விலையிலும் 89 சதவீதம் அதிகம். சொபொஸ்புவிர் எனப் பெயர்பெற்ற அம்மருந்து 2013 டிசம்பரில் அங்கு அங்கீகாரம் பெற்றது. பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு விதிக்கப்பட்ட விலை 84,000 டொலர், அதாவது மாத்திரை ஒன்றுக்கு 1,000 டொலர். அதே சிகிச்சைக்கு வேண்டிய மருந்தைப் பேரளவில் ஆக்குவதற்கு 68 முதல் 136 டொலர் வரையே செலவாகும் என்று 2014இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. இம்மருந்தின் விலையை விசாரித்த அமெரிக்க செனற் சபையின் நிதிக் குழுவைச் சேர்ந்த இருவர் 2015இல் வெளியிட்ட அறிக்கை மற்றொன்றையும் வெளிப்படுத்தியது. பார்மசெற் கம்பனி தன் கைவசம் மருந்து இருந்த காலத்தில் கணக்கிட்டிருந்த விலை ஏறத்தாழ 36,000 டொலராகும்.

இவ்வெண்களை அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். பங்குதாரன் பெற்ற 137 டொலர் எங்கிருந்து வந்தது? வாங்கியவன் தன் கருணையினால் அதனைக் கொடுக்கவில்லை. நாளை நோயாளரிடமிருந்தும் அவருக்காகச் செலவிடும் அரசுகளிடமிருந்தும் தான் பெறவிருப்பதைக் கணித்தே கொடுத்தான். எனவே விற்றவன் கையில் வந்த இலாபமும் நோயாளன் கையில் வந்த விலைச்சீட்டும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களாம். நாலந்தாவின் சிறு பங்குதாரர் உணர்ந்த இனந்தெரியாத உறுத்தலுக்குக் காரணம் இதுவே. தம் மகிழ்ச்சியின் ஒரு பகுதியை எங்கோ முகந்தெரியாத ஒருவர் தம் நோயினால் செலுத்தவிருக்கிறார்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படும். மருந்துக்கு விலை வைத்தவன் வாங்கியவனே; விற்றவன் அல்லன். கத்தியை விற்ற கொல்லன் கொலைக்குப் பொறுப்பாவானா? இத்தடை வலிமையுள்ளது. ஆயினும் இது முற்றும் பொருந்துவதன்று. கத்தியை வாங்குபவன் அதனை எவ்வாறு பயன்படுத்துவான் என்பது கொல்லனுக்குத் தெரியாது. ஆக்கவுரிமையைப் பெருவிலைக்கு வாங்குபவன் அதனை எவ்வாறு பயன்படுத்துவான் என்பதோ அவ்விலையிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. இன்னோர் எடுத்துக்காட்டு இதனை மேலும் தெளிவாக்கும். வறண்ட ஊரொன்றில் எல்லோரும் நீர் அள்ளும் ஒரே கிணறு ஒருவனுடைய காணியில் இருக்கிறது. அவன் காணியை விற்க உரிமையுடையவன். வாங்க வருபவன் கிணற்றை அடைத்துக் குடத்துக்கு இவ்வளவு என்று பணம் அறவிடப் போகிறான் என்பதை அறிந்தும், அதனாலேயே கூடிய விலை கிடைக்கிறது என்பதை அறிந்தும், உறுதியில் ஒரு வரியேனும் சேர்க்காமல் ஒப்பமிட்டால் அவனை ஊர் என்ன சொல்லும்? விற்றதற்காக எவரும் அவனைக் குறைகூறார். நீரள்ளும் உரிமையை உறுதியில் எழுதாமல் விட்டதற்காகவே குறைகூறுவர்.

ஆகவே அறம் வேண்டுவது விற்பனையைத் தவிர்ப்பதன்று. விற்பனையில் நிபந்தனை வைப்பதே. இது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனையுமன்று. கனடாவின் ரொறன்ரோ நகரில் இன்சுலினைக் கண்ட பான்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகியோர் 1923இல் தம் ஆக்கவுரிமையை ஆளுக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்குக் கையளித்தனர். எவரும் தனியுரிமை கொண்டாடி நீரிழிவு நோயாளரை வருத்தாமல் காப்பதற்காகவே ஆக்கவுரிமையைப் பெற்று, அக்காரணம் பற்றியே அதனைக் கொடுத்தனர். வேலியையே காவலாக்கியமை அவர் பெருமை. எனினும் கதை அங்கே முடியவில்லை. பின்வந்த மேம்பாடுகளுக்குப் புதிய ஆக்கவுரிமைகள் பெறப்பட்டன. இருபத்தோராம் நூற்றாண்டில் அமெரிக்க நோயாளர் பலர் இன்சுலின் வாங்க இயலாமல் அளவைக் குறைத்துக்கொள்ளும் நிலை வந்தது. ஒருமுறை காட்டிய பெருந்தன்மை எக்காலத்துக்கும் போதாது. நிபந்தனையும் மருந்தோடு சேர்ந்து வளரவேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

சொபொஸ்புவிர் மருந்தும் முழுவதும் இருண்ட கதையன்று. 2014 செப்ரெம்பரில் கிலியட் கம்பனி இந்திய மருந்தாக்க நிறுவனங்கள் ஏழுக்கு உரிமம் வழங்கி, 91 வளர்முக நாடுகளில் குறைந்த விலைக்கு விற்க இடமளித்தது. அதனால் பல நாடுகளில் அம்மருந்து எளியோர்க்கும் எட்டியது. குறைந்த விலைக்கு வழிவிட்டும் வியாபாரம் நடக்கும் என்பதற்கு இதுவே சான்று. நடக்கக்கூடியது எனின், விற்பனையின்போதே அதனைக் கேட்டிருக்கலாம் அன்றோ?

மூன்றாவது ஐயம் இவ்விரண்டுக்கும் அடியில் கிடப்பது. விற்கப்படும் பொருள் விற்பவனுக்கே முழுவதும் உரியதா? இவ்வையம் இலங்கையருக்கு மிகவும் அண்மையானது. சிங்களத்தில் கோதல ஹிம்புட்டு என்றும் தமிழில் பொன்கொரண்டி என்றும் வழங்கும் கொடி நம் காடுகளில் வளர்கின்றது. அதன் தண்டைக் குடைந்து செய்த குவளையில் இரவில் நீரூற்றி வைத்துக் காலையில் பருகுவது நீரிழிவுக்கு மருந்து என்பது நாட்டு வைத்தியம் நெடுங்காலமாகக் கைக்கொண்ட முறை. 1997இல் யப்பானின் கியோற்றோ மருந்தியற் பல்கலைக்கழக ஆய்வாளர் அக்கொடியிலிருந்து சலசினோல் என்னும் சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். குடலில் மாப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியத்தின் செயலை அது தடுக்கின்றது எனவும் காட்டினர். அக்கொடியிலிருந்து பெறும் பொருள்களுக்கு வெளிநாடுகளில் ஆக்கவுரிமைகளும் பதிவாயின.

பிரித்தெடுத்தமை ஆய்வாளரின் உழைப்பு. அதனை மறுப்பது நன்றியின்மை. ஆயின் ஆயிரக்கணக்கான கொடிகளுள் எதனை ஆராயவேண்டும் என்று அவருக்குக் காட்டியது யார்? பெயர் தெரியாத வைத்தியரும் அவர்தம் நோயாளரும் தலைமுறை தலைமுறையாகச் செய்த பரிசோதனையன்றோ? அப்பரிசோதனையைச் செய்தோருக்குப் பங்குப் பத்திரமில்லை. ஆண்டறிக்கை அவர்க்கு அனுப்பப்படுவதுமில்லை. ஆயினும் அவரே முதற் பங்குதாரர்.

இம்முதற் பங்குதாரரை மறவாத ஒரு முயற்சி நம் அயலிலேயே நிகழ்ந்தது. 1987இல் அகத்தியமலைப் பகுதியில் ஆய்வு செய்த தாவரவியலாளர், தம்முடன் வந்த காணிப் பழங்குடியினர் ஒருவகைக் காயை உண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். திரிக்கோப்பஸ் செய்லானிக்கஸ் என்னும் அச்செடியின் பெயரிலேயே இலங்கையின் பெயர் அமைந்திருத்தல் கருதற்குரியது. அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவரவியற் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை ஆக்கியது. 1995இல் அதன் உற்பத்தி உரிமத்தைக் கோயம்புத்தூரின் ஆரிய வைத்திய நிறுவனமொன்றுக்குப் பத்து இலட்சம் ரூபாவுக்கும் விற்பனையில் இரண்டு சதவீத உரிமைப்பங்குக்கும் வழங்கியது. இவ்விரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என்று வகுத்தது. அதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. இம்முயற்சியிற் குறைகள் உண்டு. எல்லாக் காணிக் குடியிருப்புகளும் கலந்தாலோசிக்கப்படவில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது. ஆயினும் ஒரு மருந்தின் உரிமத்தை விற்கும்போது மூலத்தை உடையோர்க்கும் ஒரு பங்கு வகுக்கலாம் என்பது அங்கு செய்து காட்டப்பட்டது.

இனி, மிகக் கடினமான தடையைக் காண்போம். நூறு பங்குடையவர் என்ன செய்யமுடியும்? பங்கு 137 டொலராக 1,100 கோடி டொலர் எனின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ எட்டுக் கோடி. எட்டுக் கோடியில் நூறு என்பது கடலில் கரைத்த பெருங்காயமன்றோ? அவர் ஐயுற்றால் என்ன, ஐயுறாவிட்டால் என்ன?

இத்தடைக்கு மூன்று மறுமொழிகள் உள. முதலாவது, பொறுப்பு பங்கிடப்படுவதால் சிறிதாகுமேயன்றி இல்லாது போகாது. இலாபமும் அவ்வாறே எட்டுக் கோடியாகப் பங்கிடப்படுகின்றது. ஆயினும் தம் பங்கு இலாபம் மிகச் சிறிது என்று காரணங்காட்டி அதனைத் திருப்பி அனுப்பியவர் எவருமிலர். இலாபத்தைக் கணக்கிடும்போது ‘நான் உடைமையாளன்’ என்றும், பொறுப்பைக் கணக்கிடும்போது ‘நான் யார்’ என்றும் கூறுவது ஒரே தராசில் இருவேறு படிக்கற்களை வைப்பதாகும். வணிகரது அறத்தை வள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தினுள் வைத்தமையின் நுட்பம் இங்கு விளங்கும்.

இரண்டாவது, சிறு பங்குதாரருக்குச் சொல்லுரிமை முற்றும் இல்லாமலில்லை. பார்மசெற் விற்பனையில் ஒவ்வொரு பங்குதாரரிடமும் தம் பங்கைக் கையளிக்குமாறு தனித்தனியே வேண்டப்பட்டது. பெரும்பான்மையோர் இணங்கியபின் இணங்காதவரின் பங்கும் அதே விலைக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்பது உண்மை. ஆயினும் கேட்கப்பட்டமையும் உண்மை. கேட்கப்பட்டவனுக்கு விடையளிக்கும் கடமை உண்டு. பொதுக்கூட்டத்தில் ஒரு வினாவை எழுப்பவும், அறிக்கையில் அதற்கு விளக்கம் கோரவும் நூறு பங்கு போதும். அடிமை வியாபாரத்தில் விளைந்த சீனியை உண்ணோம் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக் குடும்பங்கள் தீர்மானித்தபோது ஒவ்வொரு குடும்பமும் விட்டது சில இறாத்தல் சீனியே. ஆயினும் அச்சில இறாத்தல்களிலிருந்து வளர்ந்த பொதுக் கருத்து 1807இல் அவ்வியாபாரத்தைச் சட்டவிரோதமாக்கிய இயக்கத்துக்கு வலுவூட்டியது.

மூன்றாவது மறுமொழி நம்மை நேரே தொடுவது. பங்குதாரர் என்போர் எங்கோ உள்ள செல்வர் என்று எண்ணுதல் தவறு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைத் தொழிலாளர் தம் ஊதியத்தில் எட்டுச் சதவீதத்தை ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்துகின்றனர். தொழில் தருநர் பன்னிரண்டு சதவீதம் செலுத்துகின்றனர். அந்நிதியின் பெரும்பகுதி அரசாங்கப் பிணையங்களில் இடப்பட்டிருப்பினும், ஒரு சிறுபகுதி கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவான கம்பனிகளின் பங்குகளில் இடப்பட்டிருக்கின்றது. எனவே தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் அச்சகத் தொழிலாளியும் தாம் அறியாமலே சிறு பங்குதாரராயிருக்கின்றனர். அவரே மருந்துக்காக அரசாங்க வைத்தியசாலையின் வரிசையிலும் நிற்கின்றனர். 2022இல் அந்நியச் செலாவணி வற்றிய வேளை வைத்தியசாலைகளில் இன்றியமையா மருந்துகளும் இல்லாதொழிந்ததை இந்நாடு கண்டது. மருந்தின் விலை ஒரு நாட்டின் உயிர்நிலையைத் தொடும் என்பதை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. முதலீட்டாளனும் நோயாளனும் இருவேறு சாதியாரல்லர். பெரும்பாலும் ஒருவரே இருவருமாக இருக்கின்றார்.

இவையெல்லாம் அரசின் பணி. தனிமனிதன் ஏன் வருந்தவேண்டும் என்போரும் உளர். அரசுக்குக் கடமையுண்டு என்பதில் ஐயமில்லை. பேராசிரியர் சேனக பிபிலே வகுத்த வழியில் 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், வணிகப் பெயரை விடுத்துப் பொதுப் பெயரால் மருந்தை மொத்தமாகக் கொள்வனவு செய்து விலையைக் குறைக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது. இந்தியா 2012இல் புற்றுநோய் மருந்தொன்றுக்குக் கட்டாய உரிமம் வழங்கி, மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாவாயிருந்த விலையை 8,880 ரூபாவாக்கியது. ஆயினும் சட்டம் வருவது தீங்கு நேர்ந்தபின். மனச்சாட்சி வருவது ஒப்பமிடுமுன். முன்னதை நம்பிப் பின்னதைத் துறப்பது, வைத்தியசாலை அருகிலுண்டு என்று நஞ்சைத் தொடுவதற்கு ஒப்பாகும்.

பௌத்த அறம் நல்வாழ்க்கைத் தொழிலைப் பேசுமிடத்து ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிபத்தை விலக்கியது. மருந்து அவ்வரிசையில் இல்லை. அதனை விற்கலாம். ஆயினும் எட்டாத விலையில் வைத்த மருந்து, அதனைப் பார்த்துக்கொண்டே இறப்பவனுக்கு எதனிலும் வேறுபட்டது என்று கேட்டுப்பார்த்தல் வேண்டும்.

நாலந்தாவில் உள்ள கெடிகே என்னும் கற்கோயில் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. திராவிடக் கட்டடக் கலையும் பௌத்த வழிபாடும் கைகோத்து நிற்கும் அக்கட்டடம், மகாவலித் திட்டத்தின் போவத்தன்னை நீர்த்தேக்கத்தில் அமிழவேண்டியதாயிற்று. கலாவெவவுக்கும் அப்பாலுள்ள வயல்களுக்கும் நீர் வேண்டும், கோயிலும் வேண்டும். 1970களில் அதனைக் கல் கல்லாகப் பிரித்து, உயர்ந்த மேட்டில் மீண்டும் அடுக்கினர். பொதுநன்மைக்காக ஒன்று கைமாறலாம், இடம்மாறலாம். ஆனால் மாற்றுவோர் ஒவ்வொரு கல்லுக்கும் கணக்கு வைக்கவேண்டும். ஆக்கவுரிமையின் விற்பனைக்கும் இதுவே முறை. மூலத்தை அறிந்தோர் என்ற கல்லையும், நோயாளன் என்ற கல்லையும் நீருக்கடியில் விட்டுவிட்டு இலாபம் என்ற கல்லை மாத்திரம் மேட்டுக்குக் கொண்டுபோவதைக் கட்டடம் என்று எவரும் கூறார்.

எனவே நூறு பங்குடைய அச்சிறு முதலீட்டாளர் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. எனக்கு நியாயமான விலை கிடைத்ததா? நோயாளனுக்கு மருந்து எட்டும் என்பதற்கு உறுதியில் ஏதேனும் எழுதப்பட்டதா? இவ்வறிவின் முதற் பங்குதாரருக்கு ஏதேனும் வகுக்கப்பட்டதா? பங்குச் சந்தை முதல் வினாவுக்கு மாத்திரம் விடையளிக்கும். மற்றை இரண்டுக்கும் விடை கிடைக்காதவரை அவரது ஐயம் நீங்காதிருத்தலே நன்று. உடைமையோடு பூட்டப்பட்ட பொறுப்பு இன்னும் உயிரோடிருக்கின்றது என்பதற்கு அவ்வையமே அடையாளம்.